நாலு விரல் இறங்கும் கண்ணாடி

எனக்கு கன்டெய்னர் டிரெய்லர் என்றால் பயம். துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் பிறந்து ஐம்பதைத் தாண்டிய ஒருவன் இதை ஒப்புக்கொள்வது, மீனவன் தனக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போன்றது. இருந்தாலும் உண்மை. எண்ணூர் சாலையில் என் பழைய காரின் இரண்டு பக்கமும் டிரெய்லர்கள் வந்து நின்றால், அவற்றின் சக்கரங்கள் என் காது மட்டத்துக்கு இருக்கும். பிரேக் காற்றை அவை 'புஸ்' என்று விடும் ஒவ்வொரு முறையும் என் ஆயுளில் ஒரு வாரம் குறையும்.

புத்திசாலிகள் வேறு வழியாகப் போவார்கள். நான் நல்ல ஸ்பீக்கர் போட்டுவிட்டால் அந்தச் சத்தம் கேட்காது என்று முடிவு செய்தேன். பயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன்தான். எந்தப் புத்தகத்திலும் இந்த வைத்தியம் இல்லை என்பதை அப்போதே கவனித்திருக்கலாம்.

கார் ஸ்பீக்கர் கடையில் சொன்ன விலைக்கு என் காரையே யாராவது எடுத்துக்கொண்டால் கும்பிட்டுக் கொடுத்திருப்பேன். அதனால் எங்கள் தெருவின் மைக் செட்காரரிடம் போனேன். மாதா கோயில் திருவிழாவுக்கு முப்பது வருடமாக ஒலி கொடுப்பவர். கார் வேலை அவர் செய்ததில்லை. ஆனால் அவரிடம் எங்கிருந்தோ கழற்றி வந்த நான்கு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் இட்லிக் குண்டான் மூடி அளவுக்குக் காந்தம்.

"கண்ணாடி முழுசா எறங்காது சார். காந்தம் தடுக்குது. நாலு வெரலு எறங்கும்" என்றார், முன்கதவில் திருகாணி முடுக்கியபடி.

"பரவாயில்லை. எண்ணூர் புழுதில யாரு கண்ணாடிய எறக்கப் போறாங்க?" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

பேட்டரியிலிருந்து ஒரு வயரை நேராக இழுத்து, தரைவிரிப்புக்கு அடியில் விட்டு, என் மனைவி உட்காரும் சீட்டின் கீழே ஆம்ப்ளிஃபயரை வைத்தார். ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன். ஃபியூஸ் கட்டையைக் காட்டினார். உள்ளே ஃபியூஸ் இல்லை. தலைமுடிபோல நாலைந்து செம்புக் கம்பிகளை முறுக்கிச் செருகியிருந்தார்.

"இது இன்னா?"

"நம்ம தொழில்ல ஒரே சட்டந்தான் சார். சத்தம் நிக்கக் கூடாது. தேரு முனைல திரும்பசொல்ல பீஸ் போச்சுனு வெய்யி, மொத்த ஜனமும் சாமிய வுட்டுட்டு என்னியத்தான் பாக்கும். இது போவாது. வண்டி சாவிய எடுத்தாக்கூட பாடிகினே இருக்கும்."

அதில் ஒரு கம்பீரம் இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம், எண்ணூரில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டிலிருந்து திரும்பினோம். அவள் மடியில் ஒரு பை இறால். பாட்டு பிரமாதம். டிரெய்லர்கள் வாயைத் திறந்து மூடும் ஊமைகள்போல் இரண்டு பக்கமும் நகர்ந்தன. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சாலையில் என் தோள்கள் காதுக்குக் கீழே இருந்தன.

விம்கோ நகருக்கு முன்னால் எல்லாம் நின்றுபோனது. இடப்பக்கம் ஒரு டிரெய்லர், வலப்பக்கம் ஒன்று, முன்னால் ஒன்றின் முதுகு. அப்போது ஒரு வாடை வந்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடை வந்தால் அது எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடிப்போம். காற்று எந்தத் திசை, கரிப்பா புளிப்பா என்று அலசுவோம். தன் வண்டியைச் சந்தேகிப்பவன் வெளியூர்க்காரன்.

"ரப்பரு" என்றாள் மனைவி.

"தார் மாதிரி கீது. காத்து வடக்கு."

"தாரு இப்டி தொண்டைய அறுக்காது. கண்ணாடிய ஏத்துங்க மொதல்ல."

காற்றுக்காக இறக்கியிருந்த நாலு விரலையும் ஏற்றினோம். இரண்டு பேரும், கைப்பிடியைச் சுற்றி, இறுக்கமாக. வாடை வந்தால் அடுத்து செய்வது அதுதான், பிறந்ததிலிருந்து செய்வது. ஏற்றிவிட்டு, தார்தான் என்பதற்கு என் இரண்டாவது வாதத்தைத் தொடங்கினேன். அதற்குள் அவள் இறால் பையைத் தூக்கிப் பிடித்து, தன் காலடியைப் பார்த்தாள்.

"ஏங்க. பொகை நம்ம வூட்டுது."

தரைவிரிப்பின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் எழுந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி அது நூலாக இல்லை. சாவியைத் திருப்பி அணைத்தேன். என்ஜின் நின்றது, பாட்டு நிற்கவில்லை. அதை நிறுத்தும் சுவிட்ச் சீட்டுக்கு அடியில், புகை வரும் இடத்திலேயே இருந்தது. அவள் கதவைத் திறந்தாள். இரண்டு விரல் திறந்து டிரெய்லரின் சக்கரத்தில் 'டங்' என்று முட்டியது. என் கதவும் அப்படியே. கண்ணாடியை இறக்கினோம். நாலு விரல் இறங்கி நின்றது. என் பக்கக் கைப்பிடியோடு நான் போட்ட சண்டை இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. தன் பக்க இடைவெளியில் அவள் வாயை வைத்து மூச்சு இழுத்தாள். இருபத்தாறு வருடமாக என்னோடு இருப்பவள். அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டு, என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னணியில் ஒருவர் காதலியின் கூந்தலைப் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

இடப்பக்க டிரெய்லரின் டிரைவர் மேலிருந்து பார்த்திருக்கிறார். குதித்து, தன் வண்டியைச் சுற்றி, என் காருக்கு முன்னால் வந்து பானெட்டில் அடித்தார்.

"யோவ் பெருசு, பானெட் லாக்க இழு. பாட்டு கேட்டுகினு கீறியா நீ?"

இழுத்தேன். மூன்றாவது முறைதான் கை சரியான இடத்துக்குப் போனது. அவர் தோள் துண்டைக் கையில் சுற்றி, பேட்டரியில் முறுக்கியிருந்த வயரைப் பிடுங்கி எறிந்தார். பாட்டு 'கூ' என்ற எழுத்தில் நின்றது. பிறகு தன் வண்டியில் ஏறி, ஹாரன் அடித்து அடித்து முன்னால் நாலடி நகர்த்தினார். என் மனைவியின் கதவு திறந்தது. அவள் சாலையில் உட்கார்ந்து இருமினாள். இறால் பையை விடவில்லை. நானும் அந்தக் கதவு வழியாகவே தவழ்ந்து இறங்கி, அந்த டிரெய்லரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது சூடாக இருந்தது, நடுங்காமல் இருந்தது. இரண்டில் ஒன்றாவது எனக்கு வாய்த்திருக்கலாம்.

மறுநாள் மைக் செட்காரரிடம் கருகிய வயரைக் காட்டினேன். ஆம்ப் பெரியது, வயர் மெல்லியது என்று அவரே சொன்னார். அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வூட்ல அக்கா நல்லாருக்காங்களா?"

"இருக்கா."

"பாட்டு நின்னுச்சா சார், நடுவுல?"

"வயர புடுங்குற வரைக்கும் நிக்கல."

அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்ததை நான் பார்த்தேன். அன்று மாலையே முன்கதவு ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிட்டு, பின்னால் இருப்பவற்றுக்குத் தடித்த வயரும் நிஜமான ஃபியூஸும் போட்டுக்கொடுத்தார். இப்போது பாட்டு தூரத்துக் கல்யாண வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. டிரெய்லர்கள் பழையபடி 'புஸ்' என்கின்றன.

வாடை வந்தால் எங்களில் யாரும் இப்போது தொழிற்சாலையின் பெயர் சொல்வதில்லை. அவள் குனிந்து முதலில் காலடியைப் பார்க்கிறாள். பிறகு இருவரும் கண்ணாடியை இறக்குகிறோம். அது முழுசாக இறங்கி, புழுதியும் அமிலக் காற்றும் தாராளமாக உள்ளே வருகின்றன. நெரிசலில் வண்டி நின்றால் அவள் கை தானாகக் கைப்பிடிக்குப் போகும், ராயபுரம் மேம்பாலம் வரும்வரை எடுக்க மாட்டாள். நான் கேலி செய்வதில்லை. என் வலது கையும் அங்கேதான் இருக்கிறது.