யாங்ஜியின் கடைசி வெண்ணெய்

எங்கள் கணவாயில் தேநீர்க் கடை நடத்திய யாங்ஜிக்கு மலையேற வருபவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் விருந்தாளியின் கோப்பை காலியானால் நிரப்பியே ஆகவேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு அவமானம். அன்று வந்த நெட்டையனோ, உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கஷாயம்போல் ஒரே மூச்சில் விழுங்கினான். அவள் ஊற்றினாள்; மரியாதைக்காக மறுபடியும் விழுங்கினான். மடாலய விளக்குக்கு வைத்திருந்த கடைசி வெண்ணெயும் கரையத் தொடங்கியது.

“உன் வயிறு என்ன ஏரியாடா?” என்று கத்தினாள் யாங்ஜி.

“நீங்க ஊத்துறத நிறுத்துனாத்தானே அக்கா!” அவன் கண்ணில் நீர் முட்டியது.

“நீ மிச்சம் வச்சாத்தானே நான் நிறுத்த முடியும், மடையா!”

நிரம்பிய கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவன் ஓடிய ஓட்டத்துக்கு யாக்குகளே ஒதுங்கி வழிவிட்டன. நெல்லிக்காயளவு வெண்ணெய் மிஞ்சியது. அதில் விளக்கேற்றும்போதும் அவனைத் திட்டிக்கொண்டேதான் திரியைத் தூண்டினாள்.