நூற்றுப் பன்னிரண்டு நாள் பெண்டிங்

தெருவில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது என்பதால் நான் ‘அவள்’ என்றே சொல்லிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்றைக்கும் மத்தியானம் இரண்டு மணி அடித்தால் நோட்டை எடுத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். இருபத்தாறு வருடத்து நோட்டுகள் பீரோவின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பழைய நோட்டு ஒன்றைப் பிரித்தால் அந்தக் காலத்து வார்டின் ஸ்பிரிட் வாடை அடிப்பதாகச் சொல்வாள். அதெல்லாம் சும்மா. பீரோவில் அடிப்பது பாச்சா உருண்டை வாடைதான். ஆனால் அந்த வார்டு மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

இரண்டாவது மாடி, ஆண்கள் வார்டு, பதினாலு படுக்கை. எல்லாம் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள். மூன்றாவது ஜன்னல் எப்போதும் முழுசாகச் சாத்தாது. டிரிப் ஸ்டாண்டைத் தள்ளினால் ஒரு சக்கரம் மட்டும் கீச்சென்று முனகும். வீட்டில் புலியாக உறுமுகிறவர்கள் எல்லாம் அங்கே வந்து, “சிஸ்டர், ஊசி வலிக்குமா?” என்று ஈனசுரத்தில் கேட்பார்கள். வெயில் சாயும் நேரத்தில் பதினாலு பேரும் ஒரே ரேடியோவுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பார்கள். அந்தச் சுகம் இனி வராது என்பாள் நர்ஸம்மா. எனக்கு அதில் என்ன சுகம் என்று விளங்கவில்லை, ஆனால் அவள் சொல்லும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அந்த நாட்களில்தான் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அம்மா இவளோடுதான் இருந்தாள். நாலு நாள் காய்ச்சல். வெளியூரில் இருந்த அக்கா போன் செய்து, கிளம்பி வரட்டுமா என்று கேட்டாள். இவள் நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த வாரம் சாவகாசமாக வா என்று சொல்லிவிட்டாள். மறுநாள் விடிகாலையில் அம்மா இல்லை. அக்கா வந்து வாசலிலேயே நின்று, “நீ நர்ஸ்தானே? உனக்குத் தெரியாதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்வரை வேறு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு போனும் இல்லை.

இவளுக்குத் தூக்கம் போயிற்று. புரண்டு புரண்டு படுக்கிற மனைவியைப் பார்த்துப் பொறுக்காமல், கணவர் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். தினமும் டைரி எழுதினால் மனம் தெளியும், இலக்குகள் நிறைவேறும் என்று போட்டிருந்தது. அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார்கள். முதல் நாள், ‘பஸ் சீக்கிரம் வந்தது’ என்று ஒன்று எழுதினாள். இரண்டாம் நாள், ‘நேற்று போலவே’ என்று எழுதினாள். ஐந்து வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, ‘இதே வார்டில்’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். பத்திரிகைக்காரர்களுக்கென்ன, உட்கார்ந்த இடத்திலிருந்து எதை வேண்டுமானாலும் கேட்பார்கள்.

நாலாம் நாள் டூட்டி முடிந்து உடைமாற்றும் அறையில் உட்கார்ந்தபோது கை தானாக எழுத ஆரம்பித்தது. பதினாறு வருடமாக அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஹேண்டோவர். டூட்டி மாறும்போது, அடுத்து வரும் நர்ஸுக்காக ஒவ்வொரு படுக்கையைப் பற்றியும் எழுதி வைப்பது. ஐந்தாம் படுக்கை, டிரிப் மூன்று மணிக்கு முடியும், மாற்ற வேண்டும். ஒன்பதாம் படுக்கை, தையல் பிரிக்கவில்லை, பெண்டிங். இவள் தன்னையே ஒரு படுக்கையாக வைத்து எழுதினாள்.

‘பேஷண்ட்: பெண், வயது முப்பத்தெட்டு. தூக்கம்: மூன்று மணி நேரம். சாப்பாடு: பாதி. கோபம்: காலையில் கணவர் மேல் ஒரு தடவை, காரணம் இல்லை. நாளை செய்ய வேண்டியது: லிஃப்டில் ஏறாமல் படியில் ஏற வேண்டும். பெண்டிங்: அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், முதல் நாள்.’

ஆச்சரியம் என்னவென்றால் இது வேலை செய்தது. எழுதி வைத்ததைச் செய்யாமல் விடுகிற பழக்கம் அவளுக்கு ஏது? படி ஏறினாள். தூக்கம் நாலு மணி நேரமாகி, ஐந்தாயிற்று. கணவர் மேல் கோபம் வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்தது, அவருக்கே நம்ப முடியவில்லை. கடைசி வரி மட்டும் அசையவில்லை. முப்பதாம் நாள், அறுபதாம் நாள், நூறாம் நாள் என்று எண்ணிக்கைதான் ஏறிக்கொண்டு போயிற்று.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் வார்டில் கொஞ்சம் ஓய்வாக இருந்தது. ஒன்றரை மணிக்கே தன் நோட்டை வார்டு மேஜையில் வைத்து எழுதி முடித்தாள். அதுவும் வார்டின் ஹேண்டோவர் நோட்டும் ஒரே கடையில் வாங்கிய பழுப்பு அட்டை நோட்டுகள். இரண்டு மணிக்கு மாற்று டூட்டிக்கு அவள் தோழி வந்தாள். நர்ஸிங் படிக்கும்போதே கூடப் படித்தவள், ஒரு நாளும் தாமதமாக வராததால் கடிகாரம் என்று பெயர் வாங்கியவள். படுக்கை படுக்கையாகப் போய் வாயால் எல்லாம் சொல்லி முடித்து, நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு இவள் கிளம்பினாள்.

பஸ் மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு கண்ணாடி எடுக்கப் பையைத் திறந்தாள். உள்ளே வார்டு நோட்டு இருந்தது. கடிகாரத்திடம் கொடுத்துவிட்டு வந்தது அவளுடைய சொந்த நோட்டு. அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

அங்கே கடிகாரம் கடமை தவறாமல் ஹேண்டோவர் படித்திருந்தாள். பெண், முப்பத்தெட்டு வயது, தூக்கம் ஐந்து மணி நேரம். படுக்கை எண் போடவில்லை. ஒவ்வொரு படுக்கையாகப் போய்த் தேடினாள். குளியலறைக் கதவைக்கூடத் தட்டிப் பார்த்தாள். ஆறாம் படுக்கைப் பெரியவர், “நாங்க பதினாலு பேரும் ஆம்பளைங்கதான் சிஸ்டர், வேணும்னா எண்ணிக்கோங்க” என்றார். அதற்கப்புறம்தான் எழுதியவளேதான் அந்தப் பேஷண்ட் என்று அவளுக்கு உறைத்தது.

இவள் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது தோழி சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கடைசி வரிக்குக் கீழே ஒழுங்காக எழுதியிருந்தது: ‘2.50. பேஷண்ட் திரும்பி வந்தார். படபடப்பு. தண்ணீர் கொடுக்கப்பட்டது.’ எழுதியபடியே தண்ணீரும் கொடுத்தாள்.

“மாடிப்படியிலேயே உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு” என்றாள். பிறகு அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள். “இது நூத்திப் பன்னிரண்டு நாளா பெண்டிங்கா?”

இவள் தலையை ஆட்டினாள்.

“யாருக்குடி இந்த ஹேண்டோவர்? நாளைக்கு டூட்டிக்கு வர்றதும் நீ, இன்னிக்கு விட்டுட்டுப் போறதும் நீ. உன்னை யாரும் மாத்தி விடவே இல்லையே. நூத்திப் பன்னிரண்டு நாளா ஒரே ஷிஃப்ட்ல நிக்கிறே.”

சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுத்த வரிக்குக் கீழே ‘டூட்டி எடுத்துக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேஜை மேலிருந்த போனை இழுத்து அக்காவின் நம்பரைக் கேட்டாள். இவள் ஊர்க் கோடோடு ஆறு எண்களையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். கடிகாரம் டயலைச் சுழற்றி, மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் ரிசீவரை இவள் காதில் வைத்துவிட்டு, ஒன்பதாம் படுக்கைக்கு டிரிப் மாற்றப் போனாள்.

அக்காதான் எடுத்தாள். இவள் அம்மாவைப் பார்த்துப் பார்த்தும் தனக்குத் தெரியாமல் போனதை, அத்தனை வருட அனுபவமும் அன்றைக்குக் கை கொடுக்காததை, வர வேண்டாம் என்று சொன்ன தன் வாயை, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

“நீ வர வேண்டாம்னு சொன்னே இல்ல,” என்றாள் அக்கா, “அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பிள்ளைங்களுக்குப் பரீட்சை, லீவு கேக்கணும், அலையணும். அப்பாடான்னு போனை வச்சேன். மறுநாள் அம்மா போயிட்டாங்க. என்னை நானே கேட்டுக்க வேண்டிய கேள்வியை உன்கிட்ட கேட்டுட்டேன்.”

எத்தனையோ பேருடைய சொந்தக்காரர்களுக்கு ஆறுதல் சொன்னவள். வாய்க்கு வழக்கமாக வரும் சொற்கள் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அவற்றையெல்லாம் முந்திக்கொண்டு, அம்மா செத்த அன்றைக்கு வராத அழுகை அத்தனையும் அந்த மேஜை முன்னால் பொங்கிக்கொண்டு வந்தது. ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். பதினாலு ஆண்களில் திரும்ப முடிந்தவர்கள் எல்லாம் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

“மெதுவா அழு,” என்றாள் அக்கா. “நான் போனை வைக்கமாட்டேன்.”