கீரமங்கலத்தில் ஓர் எகிப்துக் கல்

துபாயில் கல் நகைக் கடை ஒன்றில் வேலை பார்த்த என் மாமா, விடுமுறைக்கு அறந்தாங்கி வந்தபோது அக்காமார் இருவருக்கும் சேலை வாங்கி வரவில்லை. கல் வைத்த வெள்ளி மோதிரங்கள் வாங்கி வந்திருந்தார். மொத்தம் மூன்று. அந்த வானநீலக் கல்லுக்கு அங்கே ஃபிரோசா என்று பெயராம்.

அம்மாவும் பெரியம்மாவும் மோதிரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலை எங்கே என்று பெட்டியின் அடிவரைக்கும் துழாவினார்கள். மாமா அதைக் கண்டுகொள்ளாமல், கடைக்கு வந்தவர்களுக்குச் சொல்வதுபோல விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே கல்தான். ஆனாலும் எந்தச் சுரங்கத்தில் எடுத்தது என்று பழகிய கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல ஈரான் கல் மேகமில்லாத வானம்போல ஒரே நீலம். அமெரிக்கக் கல்லில் சிலந்திவலை மாதிரி கறுப்புக் கோடுகள் ஓடும். எகிப்துக் கல்லில் நீலத்தோடு பச்சை சேர்ந்திருக்கும். சாயம் ஏற்றிய போலியாக இருந்தால், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் பஞ்சு நீலமாகிவிடும்.

ஈரான் கல் பெரியம்மாவுக்கு, அமெரிக்கக் கல் அம்மாவுக்கு. எகிப்துக் கல்லை ஒரு நண்பன் கேட்டிருந்தான் என்று சொல்லிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

விரிசல் விட்ட கல்லைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவளுடையதிலாவது கோலம் மாதிரி ஏதோ இருக்கிறது, எனக்கு வெறும் கல் என்று பெரியம்மா குறைப்பட்டார். அந்தக் கோடுகள் கல் உண்டான பாறையின் மிச்சம், அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் மாமா.

“ஒடஞ்சதுக்கு ஒரு கதையும் சேத்துல்ல விக்கிறாய்ங்க” என்றார் அம்மா.

மாமா சொன்னதை அந்த வீட்டில் மனதார நம்பியது நாலாம் வகுப்பு படித்த நான் மட்டும்தான். மறுநாளிலிருந்து ஊரில் கண்ணில் பட்ட நீலத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன். கணக்கு டீச்சரின் தோட்டைப் பார்த்துச் சாயம் போட்டது என்றேன். அன்று கணக்குப் பாடம் முழுவதையும் வராந்தாவில் நின்று கேட்டேன்.

அந்த விடுமுறையில்தான் கீரமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த மாமா, தரகர் கொண்டுவந்த இந்த ஜாதகத்துக்கு மட்டும் போட்டோவைக்கூடப் பார்க்காமல் தலையாட்டியிருந்தார். எல்லாம் சாமி செயல் என்று அம்மா சொன்னார்.

பெண்ணின் அப்பா தேங்காய் வியாபாரி. எங்களை உட்காரச் சொன்ன கையோடு, தன் வீட்டில் லவ்வு கிவ்வு என்று எதுவும் நடந்ததில்லை, அப்படித் தெரிந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்வேன் என்று அறிவித்தார். மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் காபி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்தேன். மோதிரக் கல்லின் நீலத்தில் பச்சை கலந்திருந்தது.

“இது எகிப்துக் கல்லு” என்றேன்.

பெண் சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “பேன்சி ஸ்டோர்ல வாங்குனது பாப்பா. பிளாஸ்டிக்கு” என்றாள்.

என் தொழில்மேல் விழுந்த அடி அது. விட மனமில்லை. பஞ்சும் நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலும் கேட்டேன். பெண்ணின் தங்கை, விளையாட்டு என்று நினைத்து ஓடிப்போய் எடுத்துவந்தாள். நான் பஞ்சை நனைத்து, பெண்ணின் கையை வெளியே இழுத்து, மோதிரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வந்ததிலிருந்து வாயே திறக்காத மாமா பதறி எழுந்தார்.

“அதப் போட்டுத் தேய்க்காத, பாலிஷு போயிரும். நல்ல கல்லு.”

பெண்ணின் அப்பா காபியைக் கீழே வைத்தார். நல்ல கல் என்று தம்பிக்கு எப்படித் தெரியும் என்று நிதானமாகக் கேட்டார்.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா எழுந்து, பெண்ணின் கையைத் தன் கைக்குள் வாங்கி, கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

“பிளாஸ்டிக்குதாங்க. கல்லுக் கடையில இருக்கவன், ரோட்டுல சல்லிக்கல்லு கெடந்தாலும் இப்படித்தான் பதறுவான். நீங்க காபியக் குடிங்க.”

“ஆமாங்க, எங்க ஊரு பேன்சி ஸ்டோர்லயும் இதே மாதிரி தொங்குது” என்றார் அம்மா.

பெண்ணின் அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தம்ளரைக் கையில் எடுத்தார். அன்றைக்கே பூ வைத்தார்கள்.

மாமாவுக்கும் அத்தைக்கும் கல்லூரியிலிருந்தே பழக்கம் என்பதும், தரகர் கையில் அந்த ஜாதகத்தைக் கொடுத்தனுப்பியதே மாமாதான் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அசல் கல்லை எல்லாரும் கூடிப் போலியாக்கிவிட்டார்கள் என்பதுதான். அதைவிட ஆத்திரம், கல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த மாமாவே மறுத்துப் பேசாமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் அழுதுகொண்டே வாதாடினேன். செம்பிருந்தால் நீலம், இரும்பு கூடினால் பச்சை, வேண்டுமானால் பஞ்சை வைத்துப் பார்க்கலாம் என்று மாமா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். முன்சீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார்கள். இருவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தன.

பாவம், உண்மை தெரிந்ததும் அவர்களுக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்து, எட்டிப் பெரியம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தேன். குலுங்கல் இன்னும் அதிகமானது.