ஐந்தாவது பங்கு

பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். காற்றும் அலையும் காட்டாத பயத்தையா கடலில் கிடப்பவனுக்குப் பேய் காட்டப் போகிறது? இப்போதும் பேய் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பதானால் முடித்த பிறகு சிரியுங்கள்.

அன்று காலை நாலு பேர் மீனோடு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், என் மனைவியின் தம்பி சூசை, அப்புறம் அந்தோணி, மிக்கேல் என்ற இரட்டையர், ஒரே பொய்யை ரெண்டு வாயால் சொல்லக்கூடிய ஆட்கள். வள்ளம் என்னுடையது, வாங்கி ஒரு மாதம்தான், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. கடியபட்டணம் பக்கம் கரைக்கு வர ஒரு பாறை இடுக்கைத் தாண்ட வேண்டும், அங்கே மட்டும் வள்ளத்தைத் திருப்பும் எஞ்சின் கைப்பிடியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்த சூசை திடீரென்று கத்தினான். "அத்தான், இஞ்ச பாருங்க, வெள்ளி!"

சிப்பி ஒட்டிய கறுத்த தகடு. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, கடித்து வைத்த பப்படம் மாதிரி இருந்தது. தேய்த்தால் நடுவே சிலுவை. சூசை மாதா கோயில் பதக்கம் என்று முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், இரட்டையர் புதையல் என்றார்கள், நான் கைப்பிடியை விட்டுவிட்டுப் பிடுங்கப் போனேன், நாலு பேரும் முன்பக்கம் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரே கூச்சல். நிமிர்ந்து பார்த்தால் பாறைகள் எங்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

சட்டென்று திரும்பினேன். எஞ்சின் பக்கம் ஆளே இல்லை. வேகம் குறைந்து, நேராகக் கரையைப் பார்த்து, வள்ளம் அதுபாட்டுக்குப் போகிறது.

"ஏலே, கைப்பிடியப் பிடிச்சது எவம்ல?" என்றேன்.

"நீங்கல்லா பிடிச்சிய?" என்றான் சூசை.

"நான் ஒன் பக்கத்துலல்லா நிக்கேன்!"

இரட்டையர் ரெண்டு பேரும் ஒன்றாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மணலில் கால் பட்டதும் நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன. பிறகு நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இரட்டையரின் தங்கை பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுக்கிறாள். அது பதக்கமே இல்லை, அந்தக் காலத்து ஸ்பெயின்காரன் வெள்ளிக்காசு, சுத்தியலால் அடித்தது, அதனால்தான் ஒன்றைப் போல ஒன்று இருக்காது, சில்லறைக்கு அதையே துண்டு போடுவார்கள் என்றாள். சூசைக்கு முத்தம் வீணாய்ப் போன வருத்தம். எனக்கு யோசனை கிடைத்தது. வலையில் எது வந்தாலும் பங்குதான், எங்கள் கரையில் அதற்கு மறுபேச்சில்லை. நாலாக வெட்டத் தட்டானிடம் கிளம்பினேன்.

என் மனைவி வழிமறித்தாள். "நாலா? ஒங்க நாலு பேரையும் கரை சேத்தவனுக்கு? பாடுபட்டவனுக்குப் பங்கு குடுக்காம தின்னா செமிக்குமா? அஞ்சா வெட்டச் சொல்லுங்க."

ஐந்தாகத்தான் வெட்டினோம். ஐந்தாவது துண்டில் துளை போட்டு, எஞ்சின் கைப்பிடியில் வலை நூலால் நானே கட்டினேன், எங்கள் வலை முடிச்சு, இறுக்கமாக. "இது ஒம்ம பங்கு அண்ணாச்சி, வச்சுக்கிடும்" என்று சத்தமாகவே சொன்னேன். சூசை விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். துண்டு அங்கேயே இருந்தது. நூலும் என் நூல்தான். முடிச்சு மட்டும் என்னுடையது இல்லை.

சூசையின் வேலை என்று அவன் சட்டையைப் பிடித்தேன், அவன் மாதாமேல் சத்தியம் செய்தான். அறுத்துவிட்டு என் முடிச்சைப் போட்டேன். அடுத்த நாளும் அதே கதை. அதோடு விட்டுவிட்டேன். பங்கை வாங்கிக்கொண்டவர் தன் இஷ்டப்படி கட்டிக்கொள்கிறார், எனக்கென்ன நஷ்டம்?

ஆனால் இன்றைக்கும் பாறை இடுக்கில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது அந்த முடிச்சு என் விரலில் படும். வலை முடிந்தே வளர்ந்த கை இது. கரையில் இருக்கிற அத்தனை பேரும் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் அந்த முடிச்சைப் போடத் தெரியவில்லை.