ஒரே மூச்சில் பதினொரு பெயர்

வேப்பந்தட்டை பக்கம் எங்கள் ஊர் ஏரியில் நூறு நாள் வேலை நடந்தால், பெயர் வாசிப்பது என் அக்கா கண்ணகி. பணித்தளப் பொறுப்பாளர். மைக் கிடையாது. வாசித்தால் மறுகரைக்குக் கேட்கும்.

போன வருஷம் இடது கையில் பிடி தளர்ந்து, பதிவேடு அடிக்கடி நழுவியது. மோட்டார் நியூரான் நோய், ஆரம்பக் கட்டம் என்றார்கள் திருச்சியில். தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும், நாளடைவில் மூச்சுத் தசையும். இதைக் கேட்டதிலிருந்து மஸ்கட்டில் வேலை பார்க்கும் எனக்குத் தூக்கம் பாதி. அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "பேரு வாசிக்கலாமுல்ல?"

அதற்குத்தான் டிசம்பரில் பயிற்சி தொடங்கியது. உள்ளங்கை அளவுக் கருவியை வாயில் வைத்து, திருகால் கூட்டிக் குறைக்கும் அதன் இறுக்கத்தை மீறி மூச்சை இழுக்க வேண்டும். காலையில் முப்பது, மாலையில் முப்பது. வாரம் ஒருமுறை, பயிற்சியாளர் அனிதா திருச்சியிலிருந்து வீடியோவில் பார்ப்பார்.

நான் தினமும் அளவு கேட்பேன். அக்கா தன் கணக்கில் சொல்வாள். "இன்னிக்கு ஒரே மூச்சுல பதினோரு பேருடா."

ஜனவரியில் ஒருநாள் ஒன்பது என்றாள். நானே வைத்தியம் சொன்னேன்.

"மூணு வேளையா செய்க்கா. திருகையும் ரெண்டு சுத்து இறுக்கிடு."

செய்தாள். நான்காம் நாள் ஐந்து பெயரோடு நின்றுவிட்டாள். அக்காவுக்காகப் பதிவேட்டைப் பிடித்திருந்த வேலைக்காரி அமிர்தவல்லி, "என்னா பொறுப்பாளரே, மிச்ச பேருக்கெல்லாம் லீவா?" என்றதும் ஏரியே சிரித்ததாம். அக்காவும் சிரித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அனிதாவைக் கூப்பிட்டாள்.

"யாருங்க திருகச் சொன்னது?"

"எங்க மஸ்கட் டாக்டரு."

என்னையும் அழைப்பில் சேர்த்தார்கள். "கூடச் செஞ்சா கூட வர்றதுக்கு இது களைவெட்டு இல்லைங்க சார். அசந்துபோன தசைய வேலை வாங்கினா இன்னும் அசந்துரும்" என்றார் அனிதா. மூன்று நாள் ஓய்வு, பிறகு பழைய இறுக்கம், பழைய இரண்டு வேளை.

மார்ச்சில் மூச்சு பலம் பார்க்கும் சோதனை. டிசம்பரில் வந்த அதே எண்.

"ஏறலையே" என்றேன்.

"இந்த நோயில எறங்காம நிக்கிறதே பெரிசுங்க சார்."

மறுநாள் காலை ஏரியிலிருந்து அக்காவின் குரல்பதிவு வந்தது. விரல்விட்டு எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டாவது பெயருக்கு நிதானமாகப் புது மூச்சு எடுத்தாள்.

"பன்னெண்டுக்குப் பாக்கலாமாக்கா?" என்று அனுப்பினேன்.

"இங்க பொறுப்பாளரு நானா நீயா? போய் வேலையப் பாருடா."

பார்க்கப் போனேன்.