வத்தல் கடை மாடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் என் மனைவி ஓராண்டு பொறுப்பு முதல்வராக இருந்தாள். நிர்வாகக் கமிட்டி மாதாமாதம் செயலாளரின் மிளகாய் வத்தல் கடை மாடியில் கூடும். பெண்கள் அங்கே ஏறுவதில்லை.

"மேடம் எதுக்கு நெடியில வந்து கஷ்டப்படணும்? ஃபைல நீங்க கொண்டாந்துருங்க சார்" என்றார் செயலாளர். பள்ளி ஆசிரியனான எனக்கு அது மரியாதையாகவே பட்டது.

அவள் எழுதித் தருவதை மாடியில் நான் வாசிப்பேன். அவள் கீழே, மூட்டைகளுக்கு நடுவே, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள். யாராவது சந்தேகம் கேட்டால் இறங்கிப்போய் அவளிடம் கேட்டு வருவேன்.

"ஏலே, பிரின்சிபாலு நீயா, அவுகளா?" என்பான் கமிட்டியில் இருந்த என் பள்ளித் தோழன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

நிரந்தர முதல்வரை முடிவு செய்யும் கூட்டம் வந்தது. பணியில் அவள்தான் எல்லோருக்கும் மூத்தவள். ஃபைலில் முதல் தாளாக அவளுடைய விண்ணப்பம் இருந்தது. "நல்லா எடுத்துச் சொல்லுங்க" என்றாள். அதுவரை அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

செயலாளர் ஃபைலைத் திறக்கவில்லை. "உங்க மக பன்னெண்டாவதுல்ல சார்? மேடம் யுனிவர்சிட்டி, மெட்ராசுன்னு அலைஞ்சா வீட்ட யாரு பாக்குறது?"

அந்த வருடம் மகளுக்கு அடிக்கடி காய்ச்சல். பரீட்சையை நினைத்து நான் தூக்கம் கெட்டிருந்தேன். "இந்த ஒரு வருசம் கஷ்டந்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"சரி, அவுக வீட்டுலயே வேண்டாங்கறாக. அடுத்த ஆளப் பாப்போம்."

எத்தனையோ அற்பச் சந்தேகங்களுக்கு அந்தப் படிகளில் இறங்கியவன், அன்று இறங்கவில்லை.

கூட்டம் முடிந்து வந்ததும், "என்ன கேட்டாக?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றாகளாம்."

மறுவாரம், அவளுக்கு ஆறு வருடம் இளையவர் முதல்வரானார். வாழ்த்தச் சென்றவளிடம் அவரே, "உங்க சாரே வேண்டாம்னுட்டாகளாமே மேடம்?" என்று வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறார்.

அன்று மாலை எங்கள் பாளையம்பட்டி வீட்டில், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் நின்றாள். குரல் உயரவில்லை.

"நான் கீழதான நின்னேன். ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல?"

பிறகு அவள், படித்துக்கொண்டிருந்த மகளிடம் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை.