குட்டிக்கு வாங்கிய சூடை

நாய் வளர்க்க எனக்கு விருப்பமே இல்லை. யாழ்ப்பாணத்தில் புடவைக் கடையில் வேலை செய்யும் என் மகள்தான் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். வேலணையில் இறங்கும்வரை கண்டக்டருக்கே தெரியாதாம். மண்ணிறக் குட்டி. வயிறு பானை, மற்றதெல்லாம் தோல்.

"இருக்கிற ரெண்டு பேருக்குச் சமைக்கவே பஞ்சியாக் கிடக்கு. இதுக்கு வேறை உலை வைக்கிறதோ?" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே பால் காய்ச்சினேன்.

எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. புருஷன் திரும்பி வரவேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து மச்சம் விட்டவள் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். கோயிலில் பெண்கள் அதைச் சொல்லி என்னைப் புகழும்போது நான் மறுப்பதில்லை. பக்தி என்று நினைத்தால் நினைக்கட்டும். உண்மை வேறு.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தீவுப்பகுதி முழுவதும் பயத்தில் கிடந்தது. அவர் முதலில் படகில் இந்தியாவுக்குப் போய் ஓர் இடம் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. "போட்டு வாறன்" என்றார். "ஓம், வாங்கோ" என்றேன். புறப்படுகிறவரிடம் நாங்கள் போ என்று சொல்வதில்லை. அந்தப் படகில் ஏறிய ஒருவரைப் பற்றியும் இன்றுவரை தகவல் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துச் சந்தையில் மீன் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மனுஷி, "இந்த முறை மீன் நல்ல கொழுப்பு" என்றாள். அவள் ஒன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. நான்தான் அது எதைத் தின்று கொழுத்தது என்று நினைத்தேன். கையில் எடுத்த மீனை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தேன். அன்றோடு சரி. ஆனால் பொட்டை அழிக்கவில்லை. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டியும் அவருக்குச் செய்யவில்லை. உடம்பைக் காணாமல் எதைச் செய்வது?

குட்டி சோறும் பாலும் பருப்பும் தின்று வளர்ந்தது. "எங்கடை குட்டி சைவம்" என்று வருகிறவர்களிடம் பெருமை பேசினேன். மூன்று மாதம் ஆனபோது அதன் முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் வளையத் தொடங்கின. வாசல் படியில் ஏறப்போய்க் குப்புற விழுந்தது. பிறகு எழும்பவே யோசித்தது. கிடந்தபடி என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டும். அதைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினேன்.

மிருக வைத்தியர் காலைத் தடவிப் பார்த்தார். "என்ன அக்கா தின்னக் குடுக்கிறனீங்கள்?"

சொன்னேன்.

"நாயை ஆர் விரதம் பிடிக்கச் சொன்னது?" என்றார். "எலும்பிலை பெலன் இல்லை. மருந்து தாறன், மருந்து மட்டும் காணாது. சூடை மீனை நல்லா அவிச்சு, முள்ளோடை மசிச்சுச் சோத்திலை போடுங்கோ. உப்பு, தூள் ஒண்டும் வேண்டாம். இப்ப விட்டா கால் இப்பிடியே நிண்டிடும்."

முட்டை கொடுத்துப் பார்த்தேன். கழிந்தது. மகள் டவுனில் நாய்த்தீன் பை ஒன்று வாங்கி வந்தாள். திறந்ததும் மீன் வாடை அடித்தது. பையை இறுக்கிக் கட்டி வேலிக்கு வெளியே வைத்தேன். அப்போதுதான் அவளுக்குப் பொறுமை போனது.

"அப்பா இருக்கிறார் எண்டு பொட்டு வைக்கிறியள். அவரைக் கடல் கொண்டுபோட்டுது எண்டு மீன் தொடுறியள் இல்லை. ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா. இது ஏன் நடுவிலை கிடந்து நொண்டவேணும்?"

மீன் விட்ட காரணத்தை அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. "வாயைப் பொத்தடி" என்றேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனபின் மோட்டார்சைக்கிளில் வந்த மீன்காரனை மறித்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வேலிப் படலையில் அவன் ஹோர்ன் அடித்ததே இல்லை.

"என்னக்கா, வெளிநாட்டிலையிருந்து ஆரும் வந்திருக்கினமோ?"

"நாய்க்கு" என்றேன்.

"குடுத்து வைச்ச நாய்" என்று சிரித்தபடி, கேட்டதற்கு மேலாகவே சூடையை அள்ளிப் போட்டான்.

மீனின் வயிற்றைக் கீறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே என்ன இருக்குமோ என்று பயந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. குடலைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு பிடி மீனை வெறும் தண்ணீரில் அவித்து, மசித்து, சோற்றில் குழைத்து வைத்தேன். குட்டி சட்டியையும் சேர்த்துத் தின்றுவிடும் போல நக்கியது. பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. நான் அழுதேன்.

மிச்ச மீனைக் கழுவி மூடி வைக்கத்தான் குசினிக்குள் போனேன். கை என் சொல்லைக் கேட்கவில்லை. அது வெங்காயம் அரிந்தது, பழப்புளி கரைத்தது, தூள் போட்டது. மணம் எழும்பியபோதுதான் சட்டியைப் பார்த்தேன். புளி தூக்கலாக, அடியில் ஒட்டுகிற பதத்துக்கு வற்றியிருந்தது. அவருக்கு அப்படித்தான் வேண்டும். பக்கத்தில் பிட்டும் அவித்து வைத்திருந்தேன்.

செத்தவர் விரும்பித் தின்றதையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். எட்டுச்செலவு என்போம். படைத்ததைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அன்று எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. ஆனால் அந்தக் குழம்பை வேறு யாருக்குக் கொடுப்பது?

பொழுது படும் நேரம் மகள் வேலையால் வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் சொல்லாமல், வாழையிலையில் பிட்டையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடிகிற சந்திக்குப் போனேன். இலையைக் கீழே வைத்தேன். மந்திரம் ஒன்றும் எனக்குத் தெரியாது. "சாப்பிடுங்கோ" என்றேன். திரும்பி நடந்தேன்.

பாதி வழியில் பின்னால் சருகு நெரிபட்டது. நின்றேன், நின்றது. நடந்தேன், வந்தது. மீன் மணத்துக்குக் குட்டி என் பின்னால் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் காலோடு இவ்வளவு தூரம் நடந்துவிட்டதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் திரும்பித் தூக்க ஏலாது.

"பின்னாலை வராதை. போ" என்றேன். கேட்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. "போ எண்டெல்லே சொல்லுறன், போ!" என்று கத்தினேன். பிறகு சத்தம் இல்லை.

படலையடியில் மகள் நின்றாள். அவள் கையில் குட்டி நித்திரையாகக் கிடந்தது.

"எங்கையம்மா போட்டு வாறியள்?" என்றாள். "நீங்கள் போனதிலையிருந்து இது என்ரை மடியை விட்டு இறங்கேல்லை."

குட்டியின் முகவாயைத் தடவிப் பார்த்தேன். சூடாக இருந்தது. அவரை நான் ஒருநாளும் போ என்று சொன்னதில்லை, கோபத்தில்கூட.

விடிந்ததும் முழுகிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமச் சிமிழைத் திறந்தேன். விரலில் இன்னும் மீன் மணந்தது. வெளியே மீன்காரன் ஹோர்ன் அடித்தான். குட்டி எனக்கு முதல் எழும்பி, வளைந்த காலோடு படலைப் பக்கம் ஓடியது. சிமிழை மூடி வைத்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு வெறும் நெற்றியோடு அதன் பின்னால் போனேன்.